புகை போனது, விதையும் போனது

ஜவ்வாது மலைக்கு மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியை நான். எங்கள் மாதர் சங்கம் வீடு வீடாகப் போய்ப் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தது. இரண்டு சுமை விறகு எரிந்த வீட்டில் ஒரு சுமையே போதுமென்றானது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விதைப்பு நேரத்தில் பக்கத்து வீட்டுக் காளியம்மா ஒரு கூடையைக் கொண்டுவந்து என் முன் கொட்டினார். அத்தனை அவரை விதையிலும் வண்டு ஓட்டை.

"கண்ணு எரியலதான் டீச்சர். ஆனா வெதக் கூடைய அடுப்புக்கு மேல தொங்கவுட்டாதான் பொகை பட்டு வண்டு வராது. இப்போ பொகையெல்லாம் கொழாய் வழியா வெளியே போவுது. நாங்க இன்னாத்த வெதைக்கறதுங்க?"

எங்கள் சங்கத்துக்கு அடுப்பு கட்டக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளரிடம் ஓடினேன். "விதையை அங்க கட்டச் சொன்னது யாரு? மலைக்காரங்களுக்கு எதுவும் தெரியாது" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எத்தனை வீட்டு அடுப்பை அளந்தவர்! ஒரு வீட்டிலாவது தலையைத் தூக்கி மேலே பார்த்தாரா? அவரைச் சொல்வானேன், நானும்தான் பார்க்கவில்லை.

அந்த வருடம் பக்கத்து ஊரில் கெஞ்சி விதை வாங்கினோம். இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன். புகை எதற்கெல்லாம் உதவுகிறது என்று கேட்ட பிறகே மண்ணைக் குழைக்கிறேன்.

என் வீட்டுப் புது அடுப்பை இடித்துவிட்டுப் பழைய அடுப்பையே போட்டுக்கொண்டேன். ஊர் விதையெல்லாம் அதற்கு மேலேதான் தொங்குகிறது. கண் எரிகிறது. எரியட்டும்.