அரைவட்டம்

ஒட்டுசுட்டானில் எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்துக்கு அடுத்த காணிக்காரரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். சாரத்தை மடித்துக் கட்டி, கால் பெருவிரலால் மண்ணைக் கிளறி ஈரம் பார்த்தபடியே நடப்பார். எங்கள் கிணறு வற்றிய கிழமை, அவருடைய வேலியோர ஸ்பிரிங்ளர் முழுவட்டமாகச் சுழன்று எங்கள் பக்கமும் தண்ணீர் அடித்தது. கொடியில் காயப்போட்ட உடுப்பு நனைந்துவிட்டதென்று நான் சண்டைக்குப் போனேன்.

"நானா, அதை அரைவட்டத்துக்கு மாத்தேலாதோ?"

"அது பழசு தங்கச்சி, மாறுதில்லை" என்று தலையைக் குனிந்தார்.

திரும்பும்போது அவருடைய ரோட்டோர ஸ்பிரிங்ளரைக் கண்டேன். அதுவும் அதே பழசுதான். ஆனால் அரைவட்டமாக அடித்தது. ரோட்டில் ஒரு துளி ஈரமில்லை. எங்கள் காணியில் வேலியோரக் கச்சான் மட்டும் பச்சையாக நின்றது.

மறுநாள் வேலியோர ஸ்பிரிங்ளரும் அரைவட்டம்தான் அடித்தது. பழையபடி விடச் சொல்ல வெட்கத்தில் எனக்கு வாய் வரவில்லை. உடுப்பு நன்றாகக் காய்ந்தது, கச்சானும்.