வேறுபாட்டுக்குப் பாதிப் புள்ளி

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் வரலாறு படிப்பிக்கத் தொடங்கியது வேறு ஆள் கிடைக்காததால்தான். அதற்கென்று நான் எதுவும் படித்தவளில்லை. சனங்கள் கதைப்பதைக் கேட்கப் பிடிக்கும், அந்த ஒரு தகுதிதான். ஆண்டிறுதித் தேர்வையும் அதை வைத்தே அமைத்தேன். பிள்ளைகள் தங்கள் அம்மா முதன்முதலாக லண்டனில் வந்திறங்கிய நாளைப் பற்றி அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியே கேட்டு எழுதவேண்டும். இருவர் சொன்னதும் எங்கே வேறுபடுகிறது, ஏன் என்றும் எழுதவேண்டும். பாதிப் புள்ளி அந்த வேறுபாட்டுக்கு.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த தாளில் இரண்டு கதையும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. விமானம் இறங்கிய நேரம், உடுப்பின் நிறம், எல்லாம். வேறுபாடு கேட்ட இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்றிருந்தது. அந்தப் பாதிப் புள்ளி போனதால் தேர்வில் சித்தியில்லை, பெயில்தான். கூட்டாளிமார் எல்லாரும் மேல்வகுப்புக்குப் போக, அவள் மட்டும் இன்னொரு வருசம் இதே வகுப்பில் இருக்கவேண்டும். அவள் அழவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த சனி தாயும் தகப்பனும் அவளோடு வந்து நின்றார்கள்.

"டீச்சர், மூண்டு நாள் இருந்து பாடமாக்கி, ஒரு சொல்லுப் பிசகாமல் சொன்னனாங்கள். என்ன பிழை?" என்றார் தகப்பன்.

"அண்ணை, அதுதான் பிழை."

"அதெப்பிடி? எங்கடை அகதிக் கேஸிலை தனித்தனியாக் கேக்கேக்கை நானும் இவவும் ஒரு திகதியை மாறிச் சொன்னதுக்கே எவ்வளவு காலம் இழுத்தடிச்சவங்கள்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனித்தனியே கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது. நான் போட்ட கேள்வியே அந்த விசாரணை மாதிரித்தான் இருந்தது. எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது.

"இங்கை மாறினால்தான் புள்ளி அண்ணை. புதுத் தாள் தாறன், பிள்ளை இப்பவே எழுதட்டும்."

அவர் யோசித்தார். "இது வேறை ஒருத்தருக்கும் போகாதுதானே?"

"என்ரை பையைத் தாண்டாது."

தாய்க்கு அது போதும். தகப்பனைக் காட்டிச் சொன்னாள்: "அப்ப எழுது பிள்ளை. கொப்பர் எயார்போட்டுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தவர்."

"பிந்தேல்லை! நீர்தான் வேறை வாசலிலை போய் நிண்டனீர்."

"எனக்கெண்டு குளிருக்குப் போட ஒரு ஜாக்கெட் கொண்டந்தார். அதுவும் கூட்டாளியிட்டை இரவல்."

"அது என்ரை ஜாக்கெட்!"

"மெதுவா, மெதுவா," என்றாள் பிள்ளை. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. "ஆர் முதல் அழுதது?"

"கொம்மா," என்று தாயைக் காட்டினார் தகப்பன்.

"ஐயோ, அவர்தான்!"

இரண்டையும் எழுதினாள். காரணம் கேட்ட இடத்தில், 'இரண்டு பேருக்கும் தாங்கள் அழுததைச் சொல்ல வெட்கம்' என்று எழுதி நீட்டினாள். அந்த இடத்திலேயே முழுப் புள்ளியும் போட்டேன். இனி மேல்வகுப்புத்தான்.

தகப்பன் தாளை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார்.

"எல்லாம் சரி. அந்த இரவல் ஜாக்கெட்டை மட்டும் வெட்டிவிடு."

"ஏலாதப்பா," என்று தாளைப் பறித்துக்கொண்டாள் மகள். "அதுக்கும் புள்ளி இருக்கு."