முதுகைக் காட்டிய சூரியகாந்தி

இரும்புலியூரில் குப்புராஜைத் தெரிந்தவர்கள், நல்ல மனுஷன்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம் என்பார்கள். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். எவ்வளவு இறுகிப்போன நட்டும் அவர் ஸ்பேனருக்குத் திரும்பிவிடும். அவருக்குத் திரும்பாத ஒரே ஆள், சுவருக்கு அந்தப் பக்கம் கிழக்கு வீட்டில் இருந்த சொந்த அண்ணன் ஜெயவேலு.

அப்பா விட்டுப்போன மனையை எண்பத்து நாலில் இரண்டாகப் பிரித்தபோது, நடுச்சுவர் தன் பக்கம் ஒரு அடி தள்ளி வந்துவிட்டது என்று குப்புராஜ் கத்தினார். அதையாவது மறந்திருப்பார். அதே வருஷம் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வெற்றிலை பாக்கோடு வைக்காமல், யாரோ ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் ஆறவே இல்லை. பெண்ணுக்குச் சித்தப்பன், கல்யாணத்துக்குப் போகவில்லை. அதோடு பேச்சும் நின்றது.

தொண்ணூற்றொன்று தை மாசம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவர், ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையோடு வந்தார். நடுச்சுவர் ஓரமாக மூன்றை ஊன்றினார். இரண்டு எறும்புக்குப் போனது. மூன்றாவது, ஆறாம் நாள் காலை, விதை ஓட்டைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"முனியம்மா, இங்க வா, சீக்கிரம் வா!"

அவர் மனைவி ஈரக் கையோடு ஓடிவந்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நம்ம புள்ள பொறந்தப்போகூட நீ இப்படிக் கூவலியேய்யா."

மாசி பாதியில் செடி சுவரைத் தாண்டியது. மொட்டு வந்தது. அந்த மொட்டு செய்த வேலைதான் மனுஷனைக் கிறங்கடித்தது. காலையில் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் அவர் ஷெட்டிலிருந்து வரும்போது மேற்கே, அவர் பக்கம் திரும்பி நிற்கும். "எனக்காவ காத்துகினு கீது பாரு" என்பார். சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் எதிரே உட்கார்ந்துவிடுவார்.

அந்தப் பக்கம் ஜெயவேலுவுக்கு மார்கழியிலேயே பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காற்றுக்காகப் பகலில் கட்டிலைத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்கள். இருமல் இங்கே கேட்கும்.

"ஒரு எட்டு போயி பாத்துட்டு வாய்யா. தான் ஆடாட்டியும் தன் சதை ஆடணும்" என்பாள் முனியம்மா.

"கூப்ட்டாரா? கூப்டட்டும், போறேன்."

பங்குனி பிறந்ததும் பூ விரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம். ஆனால் விரிந்த பூ, மொட்டு மாதிரி திரும்பவில்லை. கிழக்கே பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டது. காலையிலும் அங்கேதான் முகம், மாலையிலும் அங்கேதான். குப்புராஜுக்குக் கிடைத்தது பச்சை முதுகு மட்டும். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தும் இதழ் ஓரம்தான் தெரிந்தது.

நாலு நாள் பொறுத்தார். அதற்கு மேல் அவர் பொறுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

"அறுவது நாளு தண்ணி ஊத்துனவன் நானு. பல்லக் காட்டறது அவருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலை கயிற்றைப் பூவின் கழுத்தில் கட்டி இழுத்தார். வரவில்லை. ஸ்டூல் மேல் ஏறி இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு திருகினார். நறுக்கென்று முறிந்தது. அட பாவி மனுஷா, பூ என்ன நட்டா? பூத்தலை கையோடு வந்துவிட்டது. ஐயோ என்று இருந்தது அவருக்கு. அதை அவசரமாகத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

மதியம் வாசலில் அண்ணி அங்காளம்மாள் வந்து நின்றாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு.

"குப்பு, அந்தப் பூ எங்கப்பா? காலையிலேந்து காணம்னு உங்கண்ணன் ஒரே ரகளை."

"காத்துல ஒடிஞ்சிகிச்சு அண்ணி."

பங்குனி வெயிலில் ஒரு இலைகூட அசையவில்லை. அங்காளம்மாள் வேப்பமரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தாள்.

"வாய் கோணிப்போயி பேச்சு சரியா வரல அவருக்கு. ஆனாலும் வர்றவங்க கையெல்லாம் புடிச்சிகினு, 'என் தம்பி எனக்காவ வெச்ச பூ, ரோஷக்காரன், வாயால பேசமாட்டான், பூவ அனுப்பிச்சிக்கிறான்'னு ஒரே பெருமை. பத்திரிகை விஷயத்துல தப்பு தன்னுதுதான்னு உங்கிட்ட சொல்லணுமாம். பூ மொகம் நம்ம தோட்டத்துலேந்துதான் தெரியும், அவன வந்து பாக்கச் சொல்லுன்னு நேத்தே சொன்னாரு. பூ போனா போவுது, நீ வாப்பா."

கூப்பிட்டாகிவிட்டது. இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. போயிருக்கலாம் அல்லவா? 'எப்படிடா ஒடிஞ்சுது?' என்று அண்ணன் கேட்டால் எந்த முகத்தோடு சொல்வது?

"நாளைக்கு வர்றேன் அண்ணி."

அந்த நாளை, நாளையாகவே தள்ளிப்போனது. ஒன்பதாம் நாள் விடியற்காலை சுவருக்கு அந்தப் பக்கம் அழுகுரல் எழுந்தபோதுதான் குப்புராஜ் ஓடினார். காலிக் கட்டிலருகே நின்று நிமிர்ந்து பார்த்தார். சுவருக்கு மேலே தலையில்லாத காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு அம்மாவை வண்டலூருக்கு அழைத்துப்போனார்கள். தொண்ணூற்றாறில் அண்ணன் மனையில் ஃபிளாட் எழும்பியது. வேப்பமரம் போய்விட்டது, நடுச்சுவர் மட்டும் அப்படியே இருந்தது. குப்புராஜ் வருஷம் தவறாமல் தை மாசம் அதே சுவரோரம் விதை ஊன்றினார். வேறு இடமே இல்லையா என்று முனியம்மா கேட்பதை விட்டுவிட்டாள்.

ஃபிளாட் வந்த மறு வருஷம் பூ விரிந்த அன்று, தெருவைச் சுற்றிப் போய்த் தரைத்தளத்து வீட்டு மணியை அழுத்தினார். ஜெயசீலி என்று ஒரு டீச்சர் திறந்தார்கள்.

"பக்கத்து வூடுதான்மா. எங்க பூவ உங்க பக்கத்துலேந்து ஒரு நிமிஷம் பாத்துக்கட்டுமா?"

"அதுக்கென்ன சார், தாராளமா வாங்க."

இவ்வளவுதானா என்று இருந்தது குப்புராஜுக்கு. செருப்பை வெளியே விட்டுவிட்டு, வீட்டைக் கடந்து பின்பக்கம் போய், கட்டில் கிடந்த இடத்தில் நின்றார். பூ முழு முகத்தோடு அவரைப் பார்த்தது. டீச்சர் காபி போட உள்ளே போனதும் மெதுவாகச் சொன்னார்:

"காத்துல ஒடியலண்ணே. நாந்தான் ஒடிச்சேன்."