அண்ணனின் கறுப்பு பேண்ட்

கொதிக்கும் சாயத்துக்கு ஒரு தனி வாசனை உண்டு. உப்பும் இரும்பும் ஈரத் துணியும் கலந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டி, ஓட்டை அடைத்த அலுமினியக் குண்டானில் என் அண்ணன் மாதேஷ் கறுப்புச் சாயப் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டும்போது, அந்த வாசனை காலனி முழுக்கப் பரவும். வெளுத்துப்போன பழைய பேண்டை அதில் போட்டு வேப்பங்குச்சியால் புரட்டிக்கொண்டே இருப்பான். சாயங்காலம் கொடியில் தொங்கும்போது அது புதிதாகக் கடையில் எடுத்தது போலிருக்கும். அவன் நகங்கள் மட்டும் வாரம் முழுக்கக் கறுத்துக் கிடக்கும்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. நிலம் வைத்திருந்த சாதிக்காரர்கள் "ஊர்"க்குள் இருந்தார்கள். அந்த நிலங்களில் வேலை செய்த நாங்கள் கிழக்கே "காலனி"யில் இருந்தோம். பஸ் ஏற வேண்டுமென்றால் ஊர்த் தெருவைக் கடந்துதான் போக வேண்டும். அண்ணன் தர்மபுரியில் காலேஜ் கடைசி வருஷம் படித்தான், நான் பாப்பாரப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது. காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம்.

சந்தையில் தார்ப்பாய் விரித்து, "ரிஜெக்ட் பீஸ்" என்று துணிகளை மலைபோல் கொட்டி விற்பார்கள். பொத்தான் இல்லாதது, தையல் கோணியது, காலர் ஒரு பக்கம் இழுத்தது என்று எல்லாம் கலந்து கிடக்கும். மற்றவர்கள் மேலாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட, அண்ணன் முழங்கைவரை உள்ளே விட்டு, தொட்டுப் பார்த்தே நல்ல துணியை இழுத்தெடுப்பான். பூப்போட்டதையும் எழுத்துப் போட்டதையும் தொடமாட்டான். வெளிர் நிறத்தில் வெறும் சட்டை, கறுப்பு பேண்ட், வெள்ளை கேன்வாஸ் ஷூ. அதைத் தவிர வேறு எதையும் அவன் உடுத்தி நான் பார்த்ததில்லை. "நெறைய இருந்தாத்தான் ஸ்டைலுன்னு இல்ல பாப்பா. நமக்கு எது பொருந்துதுன்னு தெரிஞ்சா ரெண்டு சட்ட போதும்" என்பான். இடுப்பில் தொளதொளப்பதைத் தானே பிடித்துத் தைப்பான். சாக்பீஸைப் பொடித்துக் குழைத்து ஷூவுக்குப் பூசுவான். சொம்பில் கங்கு போட்டு இஸ்திரி தேய்த்து, சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே அளவாக மடித்துவிட்டு அவன் கிளம்பினால், அவன் தங்கச்சி என்று எல்லோருக்கும் தெரியட்டுமென்று நானும் ஒட்டிக்கொண்டு நடப்பேன்.

அம்மாவுக்கும் பெருமைதான். ஆனாலும் தினமும் வாசல்வரை வந்து, "அந்தத் தெருவுல போறப்ப மட்டும் கைய எறக்கி வுட்டுக்க சாமி" என்பாள். அவன் சிரிப்பான், இறக்கமாட்டான்.

ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது, டீக்கடை பெஞ்சிலிருந்த ஒருவன் "எந்த வூட்டு மாப்ளடா இது?" என்று உரக்கக் கேட்டான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான், ஆனால் அதில் வெளிச்சமே இல்லை.

கொஞ்ச நாளில், அப்பா வேலைக்குப் போகும் தோட்டத்துக்காரர் தக்காளி ஏற்றும்போது அவரைக் கூப்பிட்டிருக்கிறார். "'ஏன்டா கோவிந்தா, உம்மவன் நல்லா டிரஸ் பண்றானாமே'ன்னு கேட்டாரு" என்று அம்மாவிடம் அப்பா சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? ஆமாங்கன்னேன்."

அன்று அப்பா சாப்பிடவில்லை. ஒருவரை நன்றாக உடுத்துகிறார் என்று சொன்னதற்கு வீடு ஏன் இப்படி அடங்கிப்போனது என்று எனக்குப் புரியவில்லை. அண்ணன் போன பஸ்ஸில்தான் ஊர்ப் பெண்களும் காலேஜ் போனார்கள். அவர்கள் யாரிடமும் அவன் பேசி நான் பார்த்ததில்லை. பேசினானா என்று யாரும் கேட்கவுமில்லை.

பிறகு ஒரு காலையில் கொடியில் அவன் துணிகளைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து, "மாமா, பஸ் ஸ்டாப்புக்கு வாங்க" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

புளியமரக் கிளையில் அண்ணனின் சட்டையும் பேண்டும் வைக்கோல் திணித்து ஓர் ஆளைப்போலத் தொங்கின. பேண்டை முழங்காலோடு அறுத்திருந்தார்கள். அறுந்த இரண்டு கால்களும் கீழே மண்ணில் கிடந்தன. டீக்கடையில் வழக்கமான கூட்டம் இருந்தது. ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அப்பா மரமேறி அவிழ்த்தார். பிறகு உட்கார்ந்து, சிதறிய வைக்கோலையெல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கித் துண்டில் கட்டினார். "குப்ப போட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லுவாங்க" என்றார்.

அண்ணன் அன்று முழுக்க உட்கார்ந்து அந்தக் கால்களைத் திரும்பவும் சேர்த்துத் தைத்தான். மறுநாள் அதையே போட்டுக்கொண்டான். அம்மா அவன் கையைப் பிடித்து அழுதாள். "யாரோடதையும் நான் போடலம்மா. என்னோடதத்தான் போட்டுக்கறேன்" என்றான். முழங்கால்களில் தையல் தழும்புபோல் தடித்திருந்தது. நாங்கள் நடக்க நடக்க ஒவ்வொரு வாசலாகப் பேச்சு நின்றது. தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா குடத்தைச் சாய்த்தபடியே பார்த்தாள். பஸ் வந்தது, ஏறினோம், ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் அன்றெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் ஊரிலிருந்து நான்கைந்து பெரியவர்கள் வந்தார்கள். உட்காரவில்லை, தண்ணீர் வேண்டாமென்றார்கள். "கோவிந்தா, பையன வெளியூரு எங்கயாச்சும் அனுப்பிடு. சின்னப் பசங்க எங்க பேச்சக் கேக்க மாட்டேங்கறானுங்க. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்றார் ஒருவர். குரலில் கோபமே இல்லை. திரும்பும்போது அவர் என்னைப் பார்த்து நின்று, "பாப்பாவும் அதே பஸ்ஸுலதான் போவுதா?" என்று கேட்டார்.

அப்பா அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். மறுநாள் ஊர்த் தெருப் பக்கமே போகாமல், வரப்பு வழியாக மெயின் ரோடுவரை அண்ணனை நடத்திக் கூட்டிப்போய் ஓசூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அவன் கடைசிப் பரீட்சை எழுதவேயில்லை.

இப்போது நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்துச் சந்தையில் அந்தத் துணி மலைகள் இப்போது இல்லை. காலனிப் பையன்களும் செல்போனிலேயே ஆர்டர் போட்டு வாங்குகிறார்கள். எல்லாம் மாறிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அண்ணன் பெங்களூருவில் ஒரு குடோனில் சூப்பர்வைசர்; கம்பெனி கொடுத்த டி-ஷர்ட்டிலேயே அவன் நாட்கள் போகின்றன. போன தீபாவளிக்கு வற்புறுத்தி ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். இளநீல நிறச் சட்டை ஒன்றை எடுத்து மார்பில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தான். "நல்லா இருக்குதுண்ணா" என்றேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றவன், அதை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தான். "ஊருக்குப் போறப்ப போட முடியாது பாப்பா. மண்ணு கலர்ல ஏதாச்சும் பாரு."

அவன் ஊருக்குப் போய்ப் பல வருஷமாகிறது.