கொழுந்தன் வீட்டுக் கார்ப்பெட்

எங்கள் வீட்டுக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். தென்காசியில் மாமனார் கட்டிய வீட்டை அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும்.

கொழுந்தன் மகன் துபாயிலிருந்து வந்தபோது அந்தக் கார்ப்பெட்டைக் கொண்டுவந்தான். அடர் சிவப்பு, நடுவில் நீலப் பூ. அவன் அம்மா, என் ஓரகத்தி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"யக்கா, ஏறி நில்லுங்க. பூனக்குட்டி மேல நடக்க மாதிரி இருக்கும்."

ஏறினேன். அப்படித்தான் இருந்தது. "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, எங்கள் சிமெண்டுத் தரையைத் தேவையில்லாமல் இரண்டாம் முறை துடைத்தேன். வயிறு எரிந்தது.

அதையாவது பொறுத்திருப்பேன். எங்கள் வீட்டுக்காரர் சாயந்தரம் காப்பியைக் குடித்ததும் தம்பி வீட்டுக்குக் கிளம்ப ஆரம்பித்தார். கார்ப்பெட்டில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு டிவி பார்ப்பார். எங்கள் வீட்டிலும் டிவி இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி ஏதோ சொல்லுவாள், இவர் சிரிப்பது கேட்கும். என்னோடு இருக்கும்போது அவர் அப்படிச் சிரித்ததில்லை. எனக்குப் பேச வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது, பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. சுரண்டையிலிருந்து ஓரகத்தியின் பிறந்த வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, ஈரத் துண்டோடு வந்து கார்ப்பெட்டில் உட்கார்ந்து பரோட்டாப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். அவர்கள் போன பிறகு கார்ப்பெட் எண்ணெயும் சால்னாவுமாக நாறியது. ஓரகத்தி அதை மாடிக்குக் கொண்டுபோய், சோப்புத்தூளைக் கொட்டி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள்.

"சாரல் நேரத்துல காயுமா?" என்று கேட்டேன்.

"சாரக் காத்து மருந்துல்லாக்கா. ஆளையே குணமாக்குது, ஒரு கார்ப்பெட்ட காயவைக்காதாக்கும்?"

எங்கள் ஊரில் எல்லோருக்கும் இந்த நம்பிக்கை உண்டு. சாரல் பட்டால் எதுவும் நல்லதாகிவிடும் என்று நினைப்போம். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கவே, உள்ளே கொண்டுபோய் விரித்துவிட்டாள். நாலு நாளில் ஈரம் ஊறிப்போன முக்கின வாடை கிளம்பியது. அதற்கு மேல் வாசனை ஸ்ப்ரே அடித்தாள், கதவைச் சாத்திச் சாம்பிராணியும் போட்டாள். இவர் அதிலேதான் மூக்கை வைத்துப் படுத்தார்.

இவருக்குச் சின்ன வயதில் மூச்சிளைப்பு இருந்தது. எத்தனையோ வருஷமாக எட்டிப் பார்க்காத அந்த நோய் திரும்பி வந்தது. முதலில் தொண்டைக் கரகரப்பு, பிறகு இருமல், பிறகு நெஞ்சில் விசில்.

"அந்தக் கார்ப்பெட்டுல படுக்காதீங்க" என்றேன்.

"ஏளா, ஒனக்கு அதப் பாத்த நாள்லேருந்து கண்ணு உறுத்துது. காத்து ஈரம், அதான் இருமுது."

ஓரகத்தி காதுக்கும் இது போனது. "யக்காவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்க அத்தான், இருமல் நின்னுரும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாளாம்.

அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. எனக்குப் பொறாமைதான். அதனாலேயே நான் சொல்வது சரியா, எரிச்சலில் சொல்கிறேனா என்று எனக்கே விளங்கவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயந்தரம் கொழுந்தன் சுவரைத் தட்டி, "மதினி, ஓடி வாங்க!" என்று கத்தினார். இவர் கார்ப்பெட்டில் கையை ஊன்றி உட்கார்ந்து, மூச்சை இழுக்க முடியாமல் தோளைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். உதடு கருத்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூக்கில் மருந்துப் புகை வைத்த பிறகுதான் விசில் அடங்கியது.

டாக்டர் சின்னப் பெண். "வீட்டுல கார்ப்பெட், நாய், பூனை ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுல ஒண்ணுங் கெடையாதும்மா" என்றார் இவர். அது உண்மைதான். கொழுந்தன் தரையைப் பார்த்தார். ஓரகத்தி வாயே திறக்கவில்லை, பேச்சுக்காரி.

நான் வேற்று மனிதர் முன்னால் பேசுகிறவள் இல்லை. ஆனால் அந்த உதடு கருத்திருந்தது கண்ணுக்குள் நின்றது. "இவுக தம்பி வீட்டுல இருக்கு. தெனமும் அதுலதான் படுப்பாக. நனைச்சுப் போட்டு காயவே இல்ல" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

டாக்டர் விளக்கமாகச் சொன்னாள். கார்ப்பெட் மயிருக்குள் தூசி சேரும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதில் பெருகும். ஈரம் நின்றால் பூசணம் பிடிக்கும். இளைப்புக்காரருக்கு இதெல்லாம் ஆகாது. வாசனை ஸ்ப்ரேயும் சாம்பிராணிப் புகையும் அதைவிட மோசம்.

"அப்போ எப்படித்தாம்மா சுத்தம் பண்ணுறது?" என்று ஓரகத்தி மெதுவாகக் கேட்டாள். மழைக்காலத்தில் தண்ணீரே ஊற்றக் கூடாதாம். வாக்குவம் மிஷினால் நிதானமாக இழுக்க வேண்டும். வாடைக்குச் சமையல் சோடாவைத் தூவி வைத்து, பிறகு உறிஞ்சி எடுக்கலாம். ஏதாவது கொட்டினால் தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, ஃபேனைப் போட்டு உடனே காயவிட வேண்டும். தூசி தட்டுவதென்றால் வெளியில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு தட்ட வேண்டும். நோயாளி பக்கத்தில் இருக்கக் கூடாது. பூசணம் ஏறிவிட்டால் ஆசைப்படாமல் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வெயில் எட்டிப் பார்த்த முதல் நாள், நானும் ஓரகத்தியும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கார்ப்பெட்டை மாடிக்குத் தூக்கினோம். கைப்பிடிச் சுவரில் போட்டதும் நான் தென்னை மட்டையை எடுத்தேன். முதல் அடியிலேயே புழுதி கிளம்பியது. அடித்தேன். பூனைக்குட்டிக்கு ஒன்று, சாயந்தரச் சிரிப்புக்கு ஒன்று, "வாங்கிக் குடுத்துருங்க அத்தான்" என்றதற்கு ஒன்று.

"யக்கா! கார்ப்பெட்ட அடிக்கியளா, என்னைய அடிக்கியளா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டின துணி மறைத்தது.

புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கருப்புக் கருப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது. மட்டையைக் கீழே போட்டேன். ஓரகத்தி நீலப் பூவைத் தடவிக்கொண்டு, "பிள்ள மொத சம்பளத்துல ஆசையா வாங்கினதுக்கா" என்று அழுதாள். அவளே சுருட்டி, குப்பை வண்டியில் ஏற்றினாள்.

இனி இவர் சாயந்தரம் வீட்டில் இருப்பார் என்று நினைத்து இரண்டு டம்ளர் காப்பி போட்டேன். இவர் தன்னுடையதைக் குடித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். அங்கே வெறும் தரைதான் இருந்தது. அப்படியானால் கார்ப்பெட்டுக்காக அவர் போகவில்லை. அன்று எரிந்ததுபோல வயிறு என்றும் எரிந்ததில்லை.

டாக்டர் கொடுத்த, வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்துப் பம்ப்பை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துக்கொண்டு நானும் போனேன். வாசலில் நின்றபோது உள்ளே ஓரகத்தி விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "இப்பிடி ஒரு அடி, அப்பிடி ஒரு அடி. யக்கா மூஞ்சியப் பாக்கணுமே! அந்தக் கார்ப்பெட்டு எந்திரிச்சு ஓடாதது அதிசயம் அத்தான்!"

இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் காது கொடுத்துக் கேட்டேன். சிரிப்புக்கு நடுவில் ஒரு இருமல்கூட வரவில்லை.

"ஆத்தாடி, யக்கா! எம்புட்டு நேரமா நிக்கிய? உள்ள வாங்க" என்று அவள் விளக்குமாற்றை ஒளித்தாள். போய் உட்கார்ந்தேன். தரை ஜில்லென்று இருந்தது.

இத்தனை நாளும் இவர் சிரித்ததில் எத்தனை என் கதையோ தெரியவில்லை. என் கதையை என்னைவிட அவள் நன்றாகச் சொல்கிறாள். அது இன்னும் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்த ஒன்றையாவது, அவள் முந்திக்கொள்ளும் முன்னே, நானே எழுதி வைக்கிறேன்.