கத்தரிக்காய்க்குத்தான் முதலில் வழி

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கபோ சந்தையில் நடந்த கதை இது. கார் லைசென்ஸுக்கான எழுத்துப் பரீட்சையில் தோற்றுப்போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு மரக்கறி வாங்க வந்திருந்தேன். தோற்ற நாளிலும் வீட்டில் கறி வைக்கத்தானே வேண்டும்.

அந்த லைசென்ஸ் எனக்கு ஆசைக்காகத் தேவைப்பட்டதல்ல. அதே நகரின் கால்சாப் பகுதியில் சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கும் வேலையில் ஏழு வருடமாக இருந்தேன். அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. இனி மாடிப்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நகரத்தின் ஓரத்துக் கடற்கரையான ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கும் அப்பால், பஸ் போகாத ஓரிடத்தில் இருந்த மகளின் வீட்டுக்கு ஒக்டோபரில் மாறுவதென்று முடிவாயிற்று. கிழமைக்கு இரண்டு தரம் அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டும். "நீ கார் ஓடினால் என்னோடு வா, இல்லாவிட்டால் மகள் வேறு ஆள் பார்ப்பாள்" என்று அவரே கண்கலங்கச் சொன்னார். வேலை போனால் ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் இல்லாமல் இந்த நாட்டில் தங்கும் பத்திரமான பெர்மேசோவைப் புதுப்பிப்பது பெரும்பாடு. எனக்கோ ஊரில் சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓட்டிப் பழக்கமில்லை.

என் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இஞ்சை பாரும், பாஸ் பண்ணுமட்டும் ஒருத்தருக்கும் வாய் திறவாதேயும். எங்கடை சனத்தின்ரை கண் பொல்லாதது."

பரீட்சை என்றால் ஒளித்துப் படித்து, ஒளித்துப் போய், பாஸ் பண்ணிய பிறகு கேக்கோடு போய்ச் சொல்வதுதானே எங்கள் வழக்கம். நானும் அப்படியே செய்தேன். சிஞ்ஞோராவிடம்கூடப் பரீட்சை நாளைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களில் ஏற்கெனவே பாஸ் பண்ணிய ஓர் அக்கா தந்த கொப்பியைக் கரைத்துக் குடித்தேன். சரியா பிழையா என்று மட்டும் பதில் சொல்கிற முப்பது கேள்விகள். மூன்று பிழைக்கு மேல் விட்டால் தோல்வி. "எப்போதும்" என்ற சொல் வந்தால் பிழை, வசனம் நீளமாக இருந்தால் சரி என்று அந்தக் கொப்பியில் சூத்திரங்கள் எழுதப்பட்டிருந்தன. பழைய வினாத்தாள்களைப் பாடமாக்கி வளர்ந்த எங்களுக்கு அது போதாதா? போதவில்லை. ஏழு பிழை. அதிலே நாலு, சந்திப் படத்தைக் காட்டி எந்த வாகனம் முதலில் போகும் என்று கேட்டவை.

இனி ஒரேயொரு தரம்தான் அந்த விண்ணப்பத்தில் எழுதலாம். அதுவும் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் சிஞ்ஞோரா போய்விடுவார்.

கபோவில் நான் வழக்கமாக வாங்கும் மரக்கறிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வருகிற எல்லாரையும் "ஜோயா" என்றுதான் கூப்பிடுவார். நம் "செல்லம்" மாதிரி. என் முகத்தைப் பார்த்ததும், "என்ன ஜோயா, செத்தவீட்டாலையோ வாறாய்?" என்றார்.

என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. "பரீட்சையிலை விழுந்திட்டன்."

அந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? எதிர்ப்பக்கத்து மீன்காரருக்குக் கேட்கும்படி, சந்தை முழுக்கக் கூவி விற்கிற அதே குரலில், "இந்தப் பிள்ளை லைசென்ஸ் பரீட்சையிலை விழுந்திட்டுதாம்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பையைப் போட்டுவிட்டு ஓடலாமா என்றிருந்தது.

மீன்காரர் கத்தியைத் துடைத்தபடி வந்தார். "எத்தினை தரம்?"

"ஒருக்கா."

"ஒருக்காவோ? நான் நாலு தரம் விழுந்தனான். ஒருக்கா விழுந்ததுக்கே இவ்வளவு மூஞ்சையோ?"

மரக்கறிக்காரரின் மனைவி உடனே, "இவர் மூண்டு தரம். எனக்கு ரெண்டெண்டு பொய் சொல்லித்தான் கலியாணம் கட்டினவர்" என்றார். தக்காளி வாங்க நின்ற ஓர் அம்மா தன் மருமகனின் கணக்கைச் சொன்னார். பெருமையோடு சொல்வது போலத் தோல்விகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எதிலே பிழை விட்டாய் என்று கேட்டார்கள். கொப்பியை எடுத்துச் சந்திப் படத்தைக் காட்டினேன். மரக்கறிக்காரர் பலகையில் இருந்ததை ஒதுக்கிவிட்டு, தன் முன்னால் ஒரு கத்தரிக்காயை, அதன் முனை என் பக்கம் இருக்கும்படி வைத்தார். எனது வலக்கைப் பக்கம், பலகையின் நடுவை நோக்கி ஓர் எலுமிச்சம்பழம். "இது ரெண்டும் கார். சந்தியிலை ஒரு போர்டுமில்லை. ஆர் முதல்?"

"வலப்பக்கத்தாலை வாறவருக்கு வழி விடவேணும். எலுமிச்சை வலப்பக்கம். அதுதான் முதல்" என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன்.

"என்ன விசர்க்கதை? என்ரை வலப்பக்கத்திலை ஒருத்தருமில்லை. நான் ஏன் நிக்கவேணும்?" என்றார் அவர். மீன்காரர், எந்தக் காரில் நெளிவு கூடவோ அதுதான் முதலில் போகும், பலெர்மோவில் சட்டம் அதுதான் என்றார். சண்டை தொடங்கிவிட்டது.

மரக்கறிக்காரரின் மனைவிதான் என் கையைப் பிடித்து இழுத்தார். "கதையை விட்டிட்டு இந்தப் பக்கம் வா. அவர் நிக்கிற இடத்திலை நிண்டு பார்."

இத்தனை வருடத்தில் அந்தக் கடைப் பலகைக்குப் பின்னால் நான் கால் வைத்ததில்லை. போய்க் கத்தரிக்காய்க்குப் பின்னால் நின்றேன். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. எலுமிச்சை இடப்பக்கம் இருந்தது. பிறகு எலுமிச்சைக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்கு வலப்பக்கத்தில் கத்தரிக்காய். அப்படியென்றால் வழி விடவேண்டியது எலுமிச்சைதான்.

அவ்வளவு நாளும் நான் கடதாசியின் வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு நாளாவது அந்தக் காருக்குள் ஏறி உட்கார்ந்து பார்க்கவில்லை. சட்டம் வாய்ப்பாடமாகத் தெரியும். பக்கம் தெரியாது. அவர்களுக்கோ பக்கம் தெரியும், சட்டம் அரைகுறை. கொப்பியில் இருந்ததை நான் வாசித்து விளங்கப்படுத்தியபோது மீன்காரர், "அப்ப முப்பது வருசமா நான் உயிரோடை இருக்கிறது மாதாவின்ரை கருணை" என்றார்.

அன்றிலிருந்து ஒரு மாதம், தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் பத்து நிமிடம் அங்கே வகுப்பு. நீளச் சுரைக்காய் டிராம். தக்காளி அம்புலன்ஸ். ஒரு நாள் பாதிப் பாடத்தில் ஓர் அம்மா அம்புலன்ஸைத் தராசில் நிறுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஒவ்வொரு வாகனத்துக்கும் பின்னால் போய் நின்று பதில் சொல்வேன். பிழை என்றால் சந்தையே சிரிக்கும். சரி என்றாலும் சிரிக்கும். கொப்பியின் சூத்திரங்களை மூடிவைத்துவிட்டு, மற்ற வசனங்களுக்கும் இதைச் செய்தேன்: இதை எழுதியவர் எந்த றோட்டில், எந்தச் சீட்டில் இருக்கிறார் என்று கண்ணை மூடி யோசிப்பேன்.

சிஞ்ஞோராவிடமும் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டினார், தோற்றதற்காக அல்ல. "ஏழு வருசம் என்னைக் குளிப்பாட்டி விடுறாய். எனக்கு ஒளிக்கிறியோ?" என்று கேட்டார். அன்று முதல் பின்னேரங்களில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேள்விகளை அவரே வாசித்தார்.

இரண்டாம் தரம் போனபோது பரீட்சை நாள் கபோ முழுக்கத் தெரியும். எத்தனை கண் பட்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். இரண்டு பிழையோடு பாஸ் பண்ணினேன். பிறகு கார் ஓடப் பழகி, செப்டெம்பரில் ஓட்டிக் காட்டி லைசென்ஸையும் கையில் வாங்கினேன். வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நானும் எழுதிப் பாப்பமோ? சொல்லிப்போட்டே எழுதுவம்" என்றார்.

ஒக்டோபரில் சிஞ்ஞோராவைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக் கடற்கரை றோட்டால் புது வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர் வழி நெடுகச் செபமாலை உருட்டினார். இறங்கும்போது, பயத்தில் அல்ல, பழக்கத்தில் உருட்டினேன் என்றார். நம்பினேன்.

இந்த ஊருக்கு வந்து எத்தனை வருடம் என்று கேட்பவர்களுக்கு விமானம் இறங்கிய ஆண்டைத்தான் சொல்கிறேன். ஆனால் நான் இங்கே வந்து சேர்ந்தது, நாலு பேருக்கு முன்னால் "விழுந்திட்டன்" என்று சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமைதான் என்று என் மனசுக்குத் தெரியும்.