தலைக்குள் ஒரு தையல்

கப்பல் பாய் தைப்பவன் எழுத வந்ததற்குப் பொறுத்தருள வேண்டும். இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்தபோது, நான் வேலை செய்த பாய்ப் பட்டறையின் மரச்சட்டம் ஒன்று என் தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் மண்டைக்குக் குறுக்கே ஒரு கோணல் கோடு தெரிந்தது. மண்டை பிளந்துவிட்டது, இனி ஊசி பிடிக்க ஏலாது என்று அழுதுவிட்டேன்.

அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி, அதாவது உதவி வைத்தியர், ஒல்லியான மனிதர். எதைச் சொல்வதற்கு முன்னும் பென்சிலால் தன் உச்சந்தலையைத் தட்டுவார். அன்றும் தட்டினார்.

"விசர்க் கதை கதையாதேங்கோ. இது வெடிப்பில்லை. எல்லாற்ற மண்டையிலும் இருக்கிற எலும்புப் பொருத்து. 'சூச்சர்' எண்டு சொல்லுறது. லத்தீனிலை தையல் எண்டு அர்த்தம்."

"தையலோ? எங்கட தொழிலோ?"

"ஓம். உங்கட ஆக்களைப் பாத்துத்தான் பேர் வைச்சிருப்பினம். ஆனா ஏன் இப்பிடிக் கோணலாக் கிடக்கு எண்டு எனக்குத் தெரியாது."

கூச்சத்தை விட்டுச் சொன்னேன். "கிழிஞ்ச பாயை நாங்களும் கோணலாத்தான் தைக்கிறனாங்கள், ஐயா. நேராத் தைச்சா காத்திலை பிரிஞ்சுபோம்."

அவர் பென்சிலை வைத்துவிட்டு, தன் தலையைக் கையால் மெல்லத் தடவிப் பார்த்தார். அந்தக் கையை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் தலைக்கட்டோடு வேலைக்குப் போய், பீரங்கியை மூடும் கித்தான் துணி உறை ஒன்று தைத்தேன்.